செல்வி ஆடிய ஐந்து மேட்ச்

29, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். இருட்டிக்கொண்டு வந்தது, மழை இல்லை. முதல் ஷிப்ட். சுரங்கத்தில் கரி வரும் கன்வேயர் பெல்ட்டில் ஒரு கிழிசல். ஒட்டி முடிக்க மதியம் ஒன்றாகிவிட்டது. காதுக்குள்ளெல்லாம் கரித்தூள்.

நாலு மணிக்கு செல்வி போன். ஆசியப் போட்டிக்கு வந்தவர்களுக்கென்று கட்டின குடியிருப்பாம். இவர்கள் டீமுக்குப் பதினாலாவது மாடி. "நம்ம டவுன்ஷிப் மாதிரியே எல்லாத்துக்கும் நம்பருங்க. சாப்புட்டு வந்து அரை மணி நேரம் சுத்திக்கினு இருந்தேன், எங்க பில்டிங்கே தெரியல" என்று சிரித்தாள்.

செய்யச் சொன்னவை:
- கேஸ் புக் பண்ணுவது
- யாழினி காலில் கொசுக்கடி, மருந்து
- காடாம்புலியூரில் அவள் அம்மாவுக்கு மேட்ச் எந்தச் சேனல் என்று சொல்வது (எந்தச் சேனலிலும் இல்லை. போனில் ஓர் ஆப்பில் மட்டும்.)
- என் பி.பி. மாத்திரை

வைக்கும்போது, "நாளைக்கு ஸ்டார்ட்டிங்ல நான்தான்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. முப்பத்தொரு வயது. யாழினி பிறந்த பிறகு வாலிபால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும்தான். இங்கே ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர் வேலை, வீடு, குழந்தை. விடிகாலையில் கிரவுண்டைச் சுற்றி ஓடுவாள், உடம்பு குறைக்கத்தான் என்று விட்டுவிட்டேன். ஐந்து வருஷம் கழித்து இந்தியா டீமில்.

30, சனி

புரட்டாசிச் சனி. அக்கா பக்கத்து ஊர் வடக்குத்திலிருந்து வந்து சாம்பார் வைத்தாள். செல்வி கேம்ப் போனதிலிருந்து அக்காதான் தினமும் வந்து யாழினியைப் பார்த்துக்கொள்கிறாள்.

மதியம் இரண்டரைக்கு முதல் மேட்ச். போனை டி.வி.யில் இணைத்தேன். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடுகளிலிருந்து பதினொரு பேர். ஹாலில் உட்கார இடமில்லை. எதிர் வீட்டு ஜான் சார் (திருநெல்வேலிக்காரர், எங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர்) நாற்காலி கொண்டுவந்தார்.

எல்லோருக்கும் ஒரே சந்தேகம். செல்விக்கு மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை. அவள் லிபரோ என்று விளக்கினேன். மேலே எகிறி அடிக்கக் கூடாது, வலைக்கு முன்னால் நின்று தடுக்கக் கூடாது. பின்னால் நின்று தரைக்கு வரும் பந்தை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. "அப்ப பாயிண்ட்டே எடுக்க முடியாதா?" என்றார் ஜான் சார். முடியாது. "பாவம்ல" என்றார்.

எதிரணிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ஆறடிக்கு மேல். அடித்தால் சத்தம் மட்டும் கேட்கிறது, பந்து தெரிவதில்லை. முதல் செட் போனதும் நாலு பேர் எழுந்து போனார்கள். இரண்டாம் செட்டில் டீ போட உள்ளே போன பக்கத்து வீட்டம்மா அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். மூன்றாவது செட் முடியும்போது நான், அக்கா, ஜான் சார், தூங்கிப்போன யாழினி.

மூன்று செட்டும் போய்த் தோல்வி.

அக்கா: "அவ்ளோ தூரம் போய் ஒண்ணு கூட ஜெயிக்கலியாடா?"
செல்வி விழுந்து விழுந்து எடுத்த பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது வரைக்கும் எண்ணினேன்.

1, ஞாயிறு

ஞாயிறும் ஷிப்ட். மேட்ச் மதியம் பன்னிரண்டுக்கு. நான் கீழே பெல்ட்டுக்குப் பக்கத்தில், போன் லாக்கரில். இரண்டு மணிக்கு வெளியே வந்து பார்த்தால் இதுவும் தோல்வி, 0-3.

மாலை பேசினாள். வீடியோ கால் இல்லை, குரல் மட்டும். கேமரா சரியில்லையாம். மூக்கடைத்த குரல்.
"சளியா?"
"இல்லீங்க. மூஞ்சில ஒரு பந்து பட்டுது. ஒண்ணும் இல்ல, ஐஸ் வெச்சாங்க. யாழினி சாப்டாளா?"

மழை வந்தது. பத்து நிமிஷம்.

2, திங்கள்

கேன்டீன். டிபன் நேரம். வெல்டர் முருகையன் போனை நீட்டினார். கான்ட்ராக்டில் புதிதாக வந்தவர், வேறு சைட்டில் இருந்தவர். வந்து ஒரு வாரம்தான், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. "சார், இதப் பாருங்க, வயிறு வலிக்குது சிரிச்சு."

பன்னிரண்டு விநாடி. ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். எதிரில் ஒருத்தி ஓங்கி அடிக்கிறாள். பந்து நேராக முகத்தில். தலை பின்னால் போய், கால் இரண்டும் மேலே வர, மல்லாந்து விழுகிறாள். அந்த இடத்தில் ஒரு சினிமாக் காமெடி வசனம், பாத்திரம் உருளும் சத்தம். திரும்ப மெதுவாக ஒரு தடவை. கீழே: "இந்தியாவுக்கு மெடல் கன்பார்ம்."

பார்த்து முடித்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தேன். இட்லி பாதி இருந்தது, அதையும் தின்றேன். "சிரிப்பே வரலியா சார்?" என்றார். பக்கத்தில் இருந்த ஒருவர் அவர் தொடையைத் தட்டி ஏதோ காதில் சொன்னார். அவர் முகம் செத்துவிட்டது.

என் வீட்டுக்காரி என்று நான் ஏன் சொல்லவில்லை? இதை எழுதும்போதும் தெரியவில்லை.

3, செவ்வாய்

முருகையன் காலையிலேயே கேட்டில் காத்திருந்தார். "தெரியாமப் பண்ணிட்டேங்க. என் போன்ல இருந்தத அழிச்சிட்டேன்." அழித்ததைத் திறந்தும் காட்டினார். நல்ல மனுஷன். அவர் போனில் இல்லை. அவ்வளவுதான்.

அது வந்த இடங்கள் (எனக்குத் தெரிந்து):
எங்கள் பிளாக் குரூப். பால் பூத்தில் முன்னால் நின்றவர் போன். மெயின் பஜார் சலூன், சத்தம் மட்டும் கேட்டது, திரும்பி வந்துவிட்டேன். செல்வி வேலை பார்க்கும் ஸ்கூலின் வேன், யாழினி போவதும் அதில்தான்.

வேனில்தான் யாழினிக்குத் தெரிந்திருக்கிறது. இறங்கி வந்ததும், "அம்மா தொப்புன்னு வுழுந்துச்சாம்பா. எல்லாரும் செஞ்சு காட்டுனாங்க." அவளும் செய்து காட்டினாள். கட்டிலில் மல்லாந்து, காலைத் தூக்கி. சிரித்துக்கொண்டேதான் செய்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அழுதாள்.

மாலை மூன்றாவது மேட்ச். தோல்வி. ஆப்பில் பார்த்தேன், செல்வி இறங்கினாள். முகம் சரியாகத் தெரியவில்லை, கேமரா தூரம்.

அதே ஆப்பில் பழைய மேட்சும் முழுதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச், இரண்டாம் செட். அந்த இடத்தைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம்.

பந்து முகத்தில் படுகிறது. விழுகிறாள். ஆனால் பந்து சாகவில்லை. நேர் மேலே போகிறது. ஒருத்தி ஓடிப்போய் அதை ஏற்றிக் கொடுக்க, இன்னொருத்தி மூலையில் அடிக்கிறாள். எதிரணியில் யாரும் அசையவில்லை. நம் பாயிண்ட். நாலு பேர் ஓடிவந்து செல்வியைக் கையைப் பிடித்துத் தூக்குகிறார்கள், ஒருத்தி அவள் நெற்றியில் முத்தம் கொடுக்கிறாள்.

வீடியோவை அதற்கு முன்னாலேயே வெட்டியிருக்கிறார்கள்.

நாலு தடவை பார்த்தேன்.

4, புதன்

அந்த முழு வீடியோவை ஆப்பிலிருந்து பதிந்து, ஐந்து குரூப்பில் போட்டேன். "முழுதும் பார்க்கவும். நம் பாயிண்ட்." இரண்டே வரி எழுத அரை மணி நேரம்.

மாலை வரை வந்த பதில்:
கட்டை விரல் - 6
"சூப்பர்" - 2
ஜான் சார் மட்டும் வீட்டுக்கே வந்தார். "முகத்தாலயாவது எடுத்துக் கொடுத்திருக்குல்லா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பிளாக் குரூப்பில் என் வீடியோவுக்குக் கீழே, அரை மணி கழித்து, யாரோ மறுபடியும் பழையதைப் போட்டிருந்தார்கள். வேறு பாட்டோடு.

செல்வியிடம் இது பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. பார்த்திருப்பாள்.

5, வியாழன்

வார ஓய்வு. துணி துவைத்தேன், மாடியில் காயப்போட்டு எடுப்பதற்குள் சாம்பல் படிந்துவிட்டது.

பதக்கத்துக்கான ஆட்டமெல்லாம் முடிந்தது நமக்கு. இனி கடைசி இடங்களுக்கான இரண்டு மேட்ச். மதியம் ஒன்று. ஹாலில் நானும் யாழினியும் மட்டும்.

இன்று கேமரா பக்கத்தில் இருந்தது. இடது கண்ணைச் சுற்றிக் கருநீலம். அதைவிட வேறொன்று. வலது பக்கம் வரும் பந்தை எப்போதும்போல் எடுக்கிறாள். இடது பக்கம் வருவதற்கு முழுத் தலையையும் திருப்புகிறாள். கோழி பார்ப்பதுபோல். மூன்று தடவை பந்து அவள் இடது கைக்குப் பக்கத்தில் விழுந்தது, அவள் அசையவே இல்லை. விட்டுவிட்டு நின்றதில்லை அவள். விழுந்த பிறகுதான் பார்த்தாள்.

எட்டு வருஷமாக அவளைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தது. டீமில் யாருக்கும் தெரியவில்லையா?

0-3 இல்லை, ஒரு செட் எடுத்தோம். 1-3.

போன் எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: "செல்வி, இடது கண்ணு தெரியுதா?"

கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு வந்தது. இருபது நிமிஷம் பதில் இல்லை. பிறகு அவள் குரல், ரொம்ப மெதுவாக. பாத்ரூமில் இருந்து பேசியிருக்க வேண்டும், தண்ணீர்ச் சத்தம்.

"ஓரத்துல சாம்பல் கலர்ல ஒரு துணி தொங்கறாப்பல இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம கொஞ்சூண்டு இருந்துச்சு. இப்ப பாதி வந்துடுச்சு. டாக்டரு கேட்டாரு, நல்லா தெரியுதுன்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சனிக்கெழம ஒரே ஒரு மேட்ச். சொன்னா உக்கார வெச்சிடுவாங்க. மூஞ்சில பட்ட அந்தப் பந்தோட நான் போகக் கூடாதுங்க."

டீம் மேனேஜர் அம்மாவின் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவசரத்துக்கு என்று கேம்ப் ஃபாரத்தில் கொடுத்தது. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து, "என்னாடா இப்படிக் குந்திக்கினு இருக்க?" என்றாள். தலைவலி என்றேன்.

கூப்பிடவில்லை.

6, வெள்ளி

முதல் ஷிப்ட். நம்பரை இரண்டு தடவை எடுத்தேன். ஒரு தடவை மணிகூட அடித்தது, வைத்துவிட்டேன். திரும்ப அழைப்பு வரவில்லை.

செல்விக்கு மெசேஜ்: "வேணாம் செல்வி. சொல்லிடு."
பதில்: யாழினியின் போட்டோ ஒன்று. போன வருஷம் நான் எடுத்தது. வேறு எதுவும் எழுதவில்லை.

7, சனி

லீவு. காலை எட்டுக்கு மேட்ச்.

செல்வி இன்று இடத்தை மாற்றி நின்றாள். இடது எல்லைக்கோட்டை ஒட்டி. அந்தப் பக்கத்தில் பந்து வர இடமே இல்லாமல். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொன்னாள், அந்தப் பெண் தலையாட்டினாள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

ஐந்து செட். இரண்டு மணி நேரம். கடைசிப் பாயிண்ட்டை எடுத்தது வேறு யாரோ, ஆனால் அதற்கு முந்தின பந்து தரையில் ஒரு சாண் உயரத்தில் இருந்தபோது செல்வியின் கை அடியில் போனது.

3-2. ஜெயித்தோம். இந்தப் போட்டியில் ஒரே வெற்றி. ஆறு பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். கீழே செல்வி. ஐயோ கண்ணு கண்ணு என்று நான் டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். யாழினி பயந்துவிட்டாள்.

வெளியே போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தெருவில் காய்கறி வண்டி மட்டும். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

8, ஞாயிறு

பேப்பர். விளையாட்டுப் பக்கம் முழுக்கப் பதக்கம் வாங்கினவர்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, நம் நாட்டுக்காரர்கள்தானே. வாலிபால் பற்றி மூலையிலாவது ஒரு வரி இருக்குமென்று மூன்று தடவை தேடினேன்.

10, செவ்வாய்

ஆர்ச் கேட் ஸ்டாப்பில் காலை ஆறரைக்கு இறங்கினாள். சென்னையிலிருந்து பஸ். கறுப்புக் கண்ணாடி. இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் தேடினாள்.

யாழினி ஓடினாள், இடது பக்கமாக. செல்விக்குத் தெரியவில்லை. குழந்தை காலைக் கட்டின பிறகுதான் திடுக்கிட்டுக் குனிந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. யாழினியை அக்காவுடன் அனுப்பிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. கண் டாக்டரம்மா இரண்டு நிமிஷம் விளக்கு அடித்துப் பார்த்தார். "இன்னைக்கே பாண்டிச்சேரி போங்க. நாளைக்குன்னு சொல்லாதீங்க." அவள் பெட்டியைப் பிரிக்கவே இல்லை, அப்படியே மறுபடியும் பஸ்.

பாண்டிச்சேரி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். காகிதத்தில் படம் வரைந்து சொன்னார். விழித்திரை கிழிந்து, சுவரிலிருந்து உரிந்துவிட்டது. நடுவரைக்கும்.

"எப்ப அடிபட்டது?"
"ஒண்ணாந்தேதி."
"அப்பவே ஏன் காட்டல?"
செல்வி: "மேட்ச் இருந்துதுங்க சார்."
"நடுவுல உரியறதுக்கு முன்னாடி வந்திருந்தா பார்வைய முழுசாக் காப்பாத்தியிருக்கலாம். இப்ப எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது."

வியாழக்கிழமை பாதிதான் மறைத்திருந்தது. வியாழக்கிழமை எனக்குத் தெரியும்.

11, புதன்

ஆபரேஷன். உள்ளே மூன்று மணி நேரம். வெளியே நான். எதிரில் கடிகாரம், அதைப் பார்க்காமல் இருக்க வேறு பெஞ்சுக்கு மாறினேன்.

13, வெள்ளி

வீடு. கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைத்திருக்கிறார்கள். குமிழ் மேலே மிதந்து விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதனால் முகம் எப்போதும் தரையைப் பார்த்தபடி. ஒரு வாரம். சாப்பிடும்போதும், பேசும்போதும், தூங்கும்போதும் குப்புற. கட்டிலின் ஓரத்தில் நெற்றிக்குத் தலையணை, முகம் வெளியே தொங்கும்படி.

அக்கா டம்ளரில் ஸ்ட்ரா போட்டுக் கஞ்சி கொடுக்கிறாள். "எத்தினி பேரு மூஞ்சிய நிமிர்த்திக்கினு திரியறான். எங்க வூட்டுப் புள்ளைக்குத்தான் இப்படி" என்று அடுப்படியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

15, ஞாயிறு

பக்கத்தில் ஒரு விளையாட்டு மன்றத்திலிருந்து நாலு பேர். பாராட்ட வந்தார்களாம். ஆபரேஷன் விஷயம் தெரியாது. வந்த பிறகு திரும்பிப் போகவும் கூச்சம். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு தலைவர், குப்புறப் படுத்திருந்தவளின் முதுகில் பொன்னாடையைப் போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் நாலு பேர் முகமும், சால்வையும், செல்வியின் பின்னந்தலையும்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் தரையைப் பார்த்து.

போனதும் அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து தரையில் உட்கார்ந்து, குனிந்து, அதுவும் போதாமல் மல்லாந்து படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வீங்கின முகத்தோடு, சத்தம் வராமல். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

அப்படியே படுத்திருந்தேன். ரொம்ப நேரம் பேசினோம், அவள் மேலிருந்து, நான் கீழிருந்து.

"நான் அன்னைக்கே மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கணும் செல்வி."
"சொல்லியிருந்தா உங்ககிட்ட ஆயுசுக்கும் பேசியிருக்க மாட்டேன்."
"கண்ணு இருந்திருக்கும்."
"ஆமா" என்றாள். "ரெண்டும்தாங்க நெசம். அதுக்கு என்னா பண்றது?"

யாழினியும் வந்து என் பக்கத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டாள். அம்மாவின் முகம் தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

19, வியாழன்

மறுபடியும் பாண்டிச்சேரி. மழை, கடலூர் தாண்டியும் விடவில்லை. ஜான் சாரிடம் லீவு நீட்டிக்கச் சொல்லியாகிவிட்டது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விழித்திரை ஒட்டிக்கொண்டது, அது நல்ல செய்தி. குமிழ் கரைந்த பிறகு நிழல் நிழலாகத் தெரியலாம், எழுத்துப் படிக்கிற அளவு வருவது சந்தேகம். இன்னோர் அடி பட்டால் மிச்சமும் போய்விடும். "வாலிபால் இனிமே வேணாம். எடுத்துச் சொல்லுங்க, உங்க பேச்சக் கேப்பாங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

வெளியே பெஞ்சில் செல்வி. இப்போது தலை நிமிரலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்து, மேலே ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாரு?"

மருந்துச் சீட்டை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன்.

"வுடுங்க" என்றாள். "மூஞ்சிலயே எழுதியிருக்குது. வாங்க, பஸ்ஸு போயிடும்."

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். எப்போதும் ஜன்னல் ஓரம் வேண்டுமென்று முந்திக்கொண்டு ஏறுகிறவள். இன்று இடது பக்கச் சீட்டுக்கு முன்னால் நின்று, எனக்கு வழிவிட்டாள்.

"நீங்க உள்ள போங்க. அந்தப் பக்கம் யாரு இருந்தாலும் எனக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்கன்னா பரவால்ல."

ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவள் என் வலப்பக்கம். பஸ் கிளம்பினது.